உப்பளத்தில் முளைத்த நகரம்

சண்முகக்கனி டொரண்டோவில் பார்த்த வேலையைத் தூத்துக்குடியில் யாருக்கும் விளக்கிச் சொல்லிவிட முடியாது. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து எது நகரம், எது வயல், எது காடு என்று வண்ணம் தீட்டுகிற வேலை. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்கிற இரட்டைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் வீடுகளும் மரங்களும் எழுந்து நிற்கும். நகரத்துக்குச் சிவப்பு. சிவப்பை அளந்து கூட்டினால், ஒரு நாட்டில் நகரம் எவ்வளவு நிலத்தை விழுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் அதே அலுவலகத்தில் மூத்தவரான சேதுராமன். முதல் சந்திப்பிலேயே, "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார். புவியியலில் எம்.ஏ. முடித்தவளுக்கு அந்த எளிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "வியாபாரம் சார்" என்று சொல்லித் தொலைத்தாள்.

1974 வசந்தத்தில் ஒரு குட்டித் தீவு நாட்டின் வேலை வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் நகரம் எவ்வளவு பெருகியது என்று அந்த அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் குடிநீர்க் குழாய் போடப்போகிறார்கள். வண்ணம் தீட்டியவர் சேதுராமன். கூட்டிப் பார்ப்பது மட்டும் கனியின் பொறுப்பு. தெற்குக் கரை முழுக்கச் சிவப்பு. நகரம் இரண்டு மடங்காகியிருந்தது!

சந்தேகப்பட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். சதுரம் சதுரமாகப் பாத்திகள், கடலிலிருந்து உள்ளே வரும் வாய்க்கால், வரப்போரம் வரிசையாகக் கூரைகள். கூரைகளா அவை? ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள். மனுஷன் உப்புக்குக் குடியிருப்புக் கட்டி வைத்திருக்கிறார்.

சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கியது. சொன்னால், கைதூக்கிவிட்டவருக்குத் தலைகுனிவு. எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தன் பொய்யும் சந்திக்கு வரும். சொல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை அறிக்கை கிளம்பிவிடும். எங்கோ தண்ணீருக்குத் தவிக்கிற தெரு ஒன்று இருக்க, குழாய் உப்பளத்துக்குப் போகும். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, தெற்குக் கரையில் இருப்பது நகரமில்லை, உப்பளம் என்றாள். மேலாளர் ஹார்வி ஆதாரமில்லாமல் அசையாத ஆள். "இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய்?" என்றார்.

பக்கத்திலிருந்த சேதுராமன் தமிழில் முணுமுணுத்தார்: "வேண்டாம்மா, உட்காரு. நானே நாலு தடவை பார்த்தாச்சு."

"நான் பதினாறு வருஷம் பார்த்திருக்கேன் சார்" என்றாள். பிறகு ஹார்வியிடம் ஆங்கிலத்தில், குரல் பிசகாமல் சொன்னாள்: "என் அப்பா உப்பளத்தில் கூலி. பள்ளி விடுமுறையில் நானும் உப்பு சுமந்திருக்கிறேன். எந்த வீட்டுக்காவது வாசல் வரை ஒரு பாதை காட்டுங்கள், உட்கார்ந்துவிடுகிறேன்."

ஹார்வி கண்ணாடிக்குள் குனிந்து வெகுநேரம் தேடினார். ஒரு பாதையும் இல்லை. அறிக்கையை நிறுத்திவைத்துத் தீவுக்குத் தந்தி அடித்தார். திங்கட்கிழமை பதில் வந்தது: உப்பளம்தான். சிவப்பை அழித்து மறுபடி அளந்தார்கள். நகரம் இரண்டு மடங்கெல்லாம் ஆகவில்லை, ஒன்றேகால்தான். திருத்திய அறிக்கையில் சரிபார்த்தவர் பெயராகக் கனியின் முழுப்பெயரையும் எழுதச் சொன்னார் ஹார்வி. இடம் போதாமல் இரண்டு வரியில் எழுதினாள்.

அந்த வாரமெல்லாம் சேதுராமன் அவளோடு பேசவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமான விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். ஸ்கார்பரோவில் இருந்த அவர் அப்பார்ட்மெண்டில் பத்துப் பன்னிரண்டு தமிழர்கள். புதிதாக வந்திருந்த ஓர் அம்மாள் கனியிடம், "அப்பா என்ன பண்றார்?" என்றாள்.

சேதுராமன் முந்திக்கொண்டார். "உப்பு வியாபாரம்" என்றார். காப்பாற்றுகிறாராம்.

"வியாபாரம் இல்ல சார், கூலி வேலை" என்றாள் கனி. "அவரு பாத்தி மிதிச்சு எனக்குக் காட்டினதாலதான் ஒரு நாட்டோட படம் நேராச்சு." சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சேதுராமன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"ஆமா," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பா வரைஞ்சது நான்தான்."