கப்பல் ஏறாத குணம் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி வார்டில் மருந்துத் தட்டோடு நின்றபோது தொலைபேசி வந்தது. அகதிகள் விடுதியிலிருந்து தவம் பேசினான். "அக்கா, குணம் அண்ணை விடிய எழும்பேல்லை. தட்டிப் பாத்தம், உடம்பு விறைச்சுப் போச்சு." தட்டைக் கீழே வைத்தேன். பிறகு அதையே எடுத்துக்கொண்டுபோய் மீதி நோயாளிகளுக்கும் மருந்து கொடுத்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜெர்மனியின் இந்தத் துறைமுக நகரில், பிரேமர்ஹாஃபனில் இருக்கும் எம்மவர்களில் குணநாயகத்தைத் தெரியாதவர்கள் இல்லை. எண்பத்துநான்கில் வந்திறங்கியவர். விடுதிச் சமையலறையில் யாராவது மீன் வெட்டினால் குடலைக் கேட்டு வாங்கி, அது கடைசியாக என்ன தின்றது என்று பார்க்கிற மனிதர். "நாறுது அண்ணை, அங்கால கொண்டு போங்கோ" என்று கத்துவார்கள். "பொறுங்கோ, இவன்ர மத்தியானச் சாப்பாட்டைப் பாத்திட்டு வாறன்" என்பார். சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அவர் விலங்கியல் பட்டதாரி, ஊரில் மீன்பிடித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்று?

நான் எழுபதுகளில் தாதியாக இங்கே வந்தவள். ஜெர்மன் தெரியும் என்பதால் அகதி விசாரணைகளுக்கும் விடுதியில் நடக்கும் ஜெர்மன் வகுப்புக்கும் மொழிபெயர்க்கப் போவேன். அந்த வகுப்பை எடுத்த ஹெல்கா ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாள். வட துருவப் பக்கம் போகும் மீன்பிடிக் கப்பல்களில் இடம் கேட்டு ஏறி, வலை இழுக்காத நேரம் பார்த்து, இரும்புச் சட்டத்தில் பூட்டிய கமெராவைக் கம்பியில் இறக்கிக் கடலடியைப் படம் பிடிப்பது அவர்கள் வேலை. ஒருநாள் அப்படியொரு படத்தைக் காட்டி, என்ன தெரிகிறது, ஜெர்மனில் சொல்லுங்கள் என்றாள். கல், சேறு என்றார்கள். குணம் அண்ணை விரலை வைத்து, "கல்லோ? இது கடலட்டை. எங்கட மன்னார் அட்டையின்ர சொந்தக்காரன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். ஹெல்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கிழமையே அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார், வேலை அனுமதி இல்லாததால் சும்மா உதவிக்கு.

எது நட்சத்திர மீன், எது இறால், எது வெறும் நிழல் என்று வருடக்கணக்காகப் படம் படமாகப் பிரித்தார். "தங்கச்சி, வலையில வாறது செத்த சாமான். இதிலதான் அதுகள் தங்கட பாட்டுக்கு இருக்கிறதைப் பாக்கலாம்" என்பார். ஒரேயொரு ஆசை வைத்திருந்தார்: கப்பலில் நின்று அந்தக் கமெராவைத் தன் கையால் இறக்க வேண்டும்.

போன வருடம் ஹெல்கா அவருக்குக் கப்பலில் இடம் வாங்கிவிட்டாள். ஆனால் வழக்கு முடியாத அகதி மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதி வேண்டும். இவர் நிபுணர், இவரில்லாமல் ஆய்வு நடக்காது என்று காட்டினால் பார்க்கலாம் என்றார் அதிகாரி. அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிப் போட்டோம். குணம் அண்ணை கம்பளிக் கையுறை வாங்கி, அறைக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தார்.

மறுத்துவிட்டார்கள். முதல் விசாரணையில் மீனவர், ஐந்தாம் வகுப்புப் படித்தவர் என்று கூறியவர், இப்போது பட்டதாரி என்கிறாராம். சான்றிதழ் வீட்டோடு எரிந்துபோயிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. "நான் அப்பிடிச் சொல்லேல்லையே, தங்கச்சி. நீங்களும் இருந்தனீங்கள்தானே?" என்று கேட்டார். "அவங்கள் பிழையா எழுதிப்போட்டாங்கள், அண்ணை" என்றேன்.

எழுதியவர் பிழை விடவில்லை. அரசாங்க உத்தியோகத்தன் என்றால் உனக்கென்ன ஆபத்து என்று திருப்பி அனுப்புவார்கள், கடலில் நேவியிடம் சூடு வாங்கிய மீனவன் என்றால் இரங்குவார்கள் என்று அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு கதை உலவியது. நானும் நம்பினேன். அவர் தமிழில் உண்மையைச் சொல்ல, நான் ஜெர்மனில் அவரை மீனவராக்கினேன். எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டவும் என்னையே விட்டார்கள். தாளில் இருந்ததை விட்டு, அவர் தமிழில் சொன்னதையே அவருக்கு வாசித்தேன். நம்பிக் கையெழுத்து வைத்தார். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

ஹெல்கா அதன் பிறகு அவரோடு பழையபடி முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டதாரி என்று தன்னிடமும் பொய் சொல்லிவிட்டாரே என்று அவளுக்கு மனவருத்தம். உண்மையைச் சொன்னால் வழக்கே அடிபட்டுப்போகும், அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயந்தேன், அவ்வளவுதான். கப்பல் அவரில்லாமல் போய்ப் படங்களோடு வந்தது. அவற்றையும் குனிந்திருந்து பிரித்துக் கொடுத்தார். "படத்தோட கோவிச்சு என்ன செய்யிறது?" என்றார்.

அந்தப் பயணத்தின் அறிக்கை அச்சாகி, அவர் செத்த மறுநாள் விடுதிக்கு வந்தது. தவம் என்னிடம் கொண்டுவந்து தந்தான். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கும் இடத்தில் அவருடைய நீளமான பெயர் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் இருக்கிறது. பக்கத்தில், 'இலங்கை மீனவர்'. அவருடையதென்று என்னிடம் இருப்பது இந்தப் பக்கம் ஒன்றுதான். அவரைத் தெரிந்தவர்களே, அந்தச் சொல்லை அவருக்குப் போட்டவள் நான். அவர் கேட்டபோது சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டிலிருந்து அவர் விடுதிக்கு பஸ்ஸில் பத்து நிமிடம்தான்.