ஓடும்போது எடுத்த படம்

வலய விளையாட்டுப் போட்டியில் அக்கா எண்ணூறு மீட்டர் ஓடியபோது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு எட்டு. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. மகள் பெரிய மைதானத்தில் ஓடப்போகிறாள் என்று அம்மா அன்றைக்குப் பால் வெட்டப் போகவில்லை. மாமா கேமராவோடு வந்திருந்தார்.

மாமா பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம் எல்லாம் எடுப்பார். "ஆடாம நில்லுங்க" என்று சொல்லியே பழகியவருக்கு ஓடுகிறவளை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. முதல் சுற்றில் எடுத்த படங்களில் அக்கா வெறும் நீலக் கறையாகத்தான் இருந்தாள். ஒன்றில் அவள் இல்லவே இல்லை. வேலியும் ஐஸ்கிரீம்காரரும் இருந்தார்கள்.

இரண்டாவது சுற்றில் மாமா தன் வெள்ளைச் சட்டையைக்கூடப் பார்க்காமல் வளைவில், சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டார். அக்கா வர வர, கேமராவையும் தோளையும் அவளோடு சேர்த்தே திருப்பினார். வேலியோரம் நின்ற சிங்களப் பெண்கள் "துவன்ன நங்கி, துவன்ன!" (ஓடு தங்கச்சி, ஓடு) என்று கத்த, நானும் "ஓடு அக்கா" என்பதை விட்டுவிட்டு அதையே கத்தினேன்.

அக்கா மூன்றாவதாக வந்தாள். படத்திலோ அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. இரண்டு காலும் தரையில் இல்லை. தெறித்த சேற்றுத் துளிகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "என்னா வேகம் பாருங்க!" என்று மாமா லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த மாதம் தண்ணீர் எடுத்து வரும்போது அக்கா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இதய வால்வு கெட்டிருப்பதாகச் சொன்னார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் ஏற்பட்டதாம், பல வருஷமாக உள்ளே இருந்ததாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

மரண பேனருக்குப் போட, அவள் தனியாக இருக்கும் படம் வேறு இல்லை. அடையாள அட்டைக்குக்கூட இன்னும் எடுத்திருக்கவில்லை. மாமா அந்தப் படத்திலிருந்தே முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, லயத்து வாசலில் கட்டினார்.

"காலு எங்க மாமா?" என்று கேட்டேன்.

"மொகம் போதும் பாப்பா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. கயிற்றில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

வந்த பெண்கள் பேனரைப் பார்த்ததும் அழுதார்கள். "புள்ள மூச்சுக்கு எம்புட்டு கஷ்டப்பட்டிருக்கு பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொருவரின் சேலையையும் பிடித்து இழுத்தேன். "இல்லைங்க, அக்காவுக்கு ஒண்ணும் வலிக்கல. அவ ஓடுறா. கீழ காலு இருக்கு, மாமாதான் வெட்டிட்டாரு." அவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதார்கள். அம்மா மட்டும் அழாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லையே என்றுதான் அன்று நினைத்தேன். அம்மா ஏன் அப்படிப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து அவளே சொன்னாள். ஓட்டம் தொடங்குவதற்கு முன் அக்கா அவளிடம் வந்து, "நெஞ்சு அடைக்குதும்மா" என்றாளாம். "பயத்துல அப்படித்தான் இருக்கும். ஓடு, சரியாப் போயிரும்" என்று முதுகில் தட்டி அனுப்பியது அம்மாதானாம்.