சாம்பேசிக் கரையில் ஒரு நிந்தவூர் மாப்பிள்ளை

நிந்தவூர் முர்ஷித் அவர்கள் யானைக்குப் பயந்து ஆபிரிக்காவுக்குப் போனவர். வாசகர்கள் இதற்காகச் சிரிக்கத் தேவையில்லை. ஊரில் அந்த வேலையைப் போதுமான ஆட்கள் பொறுப்பெடுத்துச் செய்து முடித்துவிட்டார்கள்.

அவருடைய வரலாற்றை முறைப்படி சொல்வதென்றால் கலியாணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நமது கரையோர வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. ஆண் என்பவன் ஒரு பெட்டியோடு அங்கே போய்ச் சேர்கிறவன். முர்ஷித் பெட்டியோடு போய்ச் சேர்ந்த வீடு முஸ்பிறாவுடையது. அதைக் கட்டிக் கொடுத்தவர் அவளுடைய வாப்பா மீராமுகைதீன். கட்டிக் கொடுத்தவர் அடுத்த வளவில்தான் இருக்கிறார். கட்டிக் கொடுத்ததை மறந்துவிடும் சுபாவமும் அவருக்கு இல்லை.

ஒவ்வொரு காலையும் சுபஹு தொழுதுவிட்டு மீராமுகைதீன் வருவார். கனத்த உடம்பு, அவசரமில்லாத நடை. கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது. நேரே குசினிக்குள் வந்து, சட்டிகளின் மூடியை ஒவ்வொன்றாகத் தூக்கி மணம் பார்ப்பார். தொங்கும் குலையில் இரண்டு வாழைப்பழத்தைப் பிய்த்துத் தின்பார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வந்த வழியே போவார்.

அந்த நேரத்தில் ஒரு மாப்பிள்ளை செய்ய வேண்டியதை முர்ஷித் ஒரு கலையாகவே வளர்த்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் எழும்பிச் சுவரோடு ஒதுங்குவார். வழியை முழுதாக விட்டுக்கொடுப்பார். கை தொங்கும், கண் நிலத்தில் இருக்கும். கேட்டாலொழிய வாய் திறவாது. மாமனார் போய் முடியும்வரை முதுகைக் காட்டவும் மாட்டார். பல வருடப் பயிற்சியில், சுவர் எது முர்ஷித் எது என்று முஸ்பிறாவுக்கே சில நாட்களில் தடுமாற்றம் வந்ததாகச் சொல்வார்கள்.

முர்ஷித்தின் தொழில் சமையல். கல்முனையில் ஒரு ஹோட்டலில் அவர் போடும் புரியாணிக்கு மருதமுனையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஆனால் மாமனார் மதித்தது அவருடைய கைப்பக்குவத்தை அல்ல, தொண்டையை. மீராமுகைதீனுக்குச் சவளக்கடையில் வயல். கதிர் முற்றும் காலத்தில் அங்கே யானை இறங்கும், அபூர்வமாக ஊரே மதிக்கும் தந்தமுள்ள கொம்பனும் இறங்கும். அப்போது மாப்பிள்ளையை, மரக்கால் நட்டு ஓலை வேய்ந்த காவல் பரணில் ஏற்றிவிடுவார்கள். யானையின் நிழல் தெரிந்தால் போதும், முர்ஷித் ஒரு பெரிய சட்டி மூடியை அகப்பையால் அடித்துக்கொண்டு "ஹோய்! ஹோய்!" என்று ஒரு சத்தம் போடுவார். யானை திரும்பிவிடும். பக்கத்து வயல்காரர்களும் எழும்பிவிடுவார்கள்.

"மருமகன்ட தொண்ட அல்லாஹ் தந்த நிஃமத்து," என்பார் மீராமுகைதீன். "அதக் கொண்டுபோய் குசினிப் புகைக்குள்ள வீணாக்கப்படா."

அந்தச் சத்தம் வீரத்தினால் வந்ததல்ல, கலப்படமில்லாத பயத்தினால் வந்தது என்பது முர்ஷித்துக்கும் முஸ்பிறாவுக்கும் மட்டுமே தெரிந்த குடும்ப இரகசியம்.

ஆகவே, கட்டாரில் இருந்த ஒரு கூட்டாளி சாம்பியாவில் சமையல் வேலை இருப்பதாகச் சொன்னதும் முர்ஷித் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. சாம்பேசி ஆற்றங்கரையில் ஒரு விடுதி, உள்ளே சதுப்பு நிலத்தில் இன்னொரு விடுதி; வெள்ளைக்காரர்கள் இரண்டிலும் சில நாட்கள் தங்கி, இயற்கைக்கு நோகாமல் இயற்கையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தொலைபேசியில் நேர்முகம் செய்த முகாமையாளர் நாமுகோலோ என்ற பெண், காட்டு விலங்குகளோடு பழக்கமுண்டா என்று கேட்டார். "யானையோடு நீண்ட கால அனுபவம், மேடம்," என்றார் முர்ஷித். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆபிரிக்காவில் யானை இருப்பது அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் ஆபிரிக்கா பெரிய இடம், தான் போகும் மூலைக்கு அவை வந்து சேராது என்று நினைத்தார்.

"ஆனைக்குப் பயந்து ஆனைர ஊருக்கே போறீங்க," என்றாள் முஸ்பிறா.

"இல்ல புள்ள, அது ஆத்தங்கர. மீனும் கொக்கும்தான்."

மீராமுகைதீன் வாசலில் நின்று வழியனுப்பினார். "முதல் ஆறு மாசம் பாத்துட்டுத்தானாம் வேலைய நிரந்தரமாக்குவாங்க? இல்லாட்டிக் கவலப்படாம வாங்க மருமகன். பரண் சும்மாதான் கிடக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் விமானத்தில் சாப்பாடு வரும்போதும் முர்ஷித்தின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரை விடுதியின் ஒழுங்குகள் அவரை வியப்பில் ஆழ்த்தின. முஸ்பிறா மாசிச் சம்பல் கட்டிக் கொடுத்த சொப்பிங் பைகளை, பிளாஸ்டிக் கூடாதென்று வாசலிலேயே பறித்துக்கொண்டார்கள். சம்பல் மண்சட்டிக்கு மாறியது. இரவில் மின்விளக்கு இல்லை. குளிப்பதற்கு ஒரு வாளித் தண்ணீர். சமையல் கழிவிலிருந்து வரும் வாயுவில் அடுப்பு. நமது ஊரில் மின்சாரம் போனால் மின்சார சபையை ஏழு தலைமுறைக்கு ஏசுவோம். அங்கே மின்சாரம் இல்லாத அறைதான் விலை கூடியது. இந்தக் கணக்கு முர்ஷித்துக்கு விளங்கவில்லை, ஆனாலும் சம்பளம் தருகிறவர்களிடம் விளக்கம் கேட்பது அவர் வழக்கமல்ல.

ஐந்து மாதம் யானை ஒன்றும் அருகில் வராமல் கழிந்தது. ஆறாவது மாதம் ஒரு காலை, விருந்தினர் ஆற்றைப் பார்த்தபடி பலகைத் தளத்தில் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு மூதாட்டி வந்த நாளிலிருந்து யானையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் குசினிக்குப் பின்னாலிருந்து ஒரு யானை புறப்பட்டுத் தளத்தை நோக்கி நடந்தது. மூதாட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கமராவைத் தூக்கினார்.

முர்ஷித்தும் மூடியைத் தூக்கினார்.

"ஹோய்! ஹோய்! ஹோய்!"

சவளக்கடை வயலில் பழகிய சத்தம் சாம்பேசி ஆற்றின் மறுகரைக்குப் போய் எதிரொலித்துத் திரும்பியது. யானை கோரைப்புல்லுக்குள் ஓடி மறைந்தது. நீர்யானை ஒன்று தண்ணீருக்குள் அமிழ்ந்தது. முர்ஷித் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உயிர் காப்பாற்றப்பட்டவர்கள் நன்றி சொல்லும் நேரத்துக்காகப் பணிவோடு காத்து நின்றார். ஒருவரும் சொல்லவில்லை. மூதாட்டி கமராவை மெல்ல மேசையில் வைத்தார்.

நாமுகோலோ அவரைத் தனியே கூப்பிட்டார். நல்ல உயரமான பெண். கோபம் வந்தால் குரல் தாழும்.

"முர்ஷித், இது யாருடைய வீடு?"

"கம்பனியுடைய வீடு, மேடம்."

"இல்லை. யானையுடைய வீடு. நாம் அதன் வீட்டில் வந்து தங்கியிருக்கிறவர்கள். அதன் வீட்டில் வைத்தே அதை விரட்டினால் எப்படி?"

முர்ஷித் தலை குனிந்து நின்றார். நாளைக்கு இந்தக் குழு சதுப்பு நில விடுதிக்குப் போகிறது, அங்குள்ள சமையல்காரர் விடுமுறையில் இருப்பதால் அவரும் போக வேண்டும் என்றார் நாமுகோலோ. குழு திரும்பும்போது சின்ன விமானம் வரும். அதில் முர்ஷித்துக்கும் ஒரு இருக்கை போடப்படும்.

அன்று பின்னேரம் முர்ஷித் சிக்னல் கிடைக்கும் ஒரே மரத்தடியில் நின்று வீட்டுக்குக் கதைத்தார்.

"ஆனைய விரட்டினதுக்கா வேலயால நிப்பாட்டுறாங்க?" முஸ்பிறாவுக்கு நம்ப முடியவில்லை. "இஞ்ச அதுக்குச் சம்பளமே குடுப்பாங்களே!"

பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "மருமகன் வாறாரா? சரி, சரி. கதிர் முத்துற நேரம்தான். பரணுக்கு ஓலையும் புதுசா வேஞ்சிரிக்கன் எண்டு செல்லு."

சதுப்பு நில விடுதிக்குத் தோணியில் போனார்கள். நாணல் விலகியதும் விடுதி தெரிந்தது. தண்ணீருக்கு மேலே மரக்கால்கள். கால்களுக்கு மேலே பலகை. பலகைக்கு மேலே புல்லால் வேய்ந்த கூரை. ஏறுவதற்கு ஓர் ஏணி. முர்ஷித் தோணியிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்தப் பரணை விட்டு ஓடி வந்தாரோ, அந்தப் பரண் ஒரு நுளம்பு வலையும் தலையணையும் சேர்த்துக்கொண்டு அவருக்கு முன்பாகவே அங்கே வந்து நின்றது. வெள்ளைக்காரர்கள் சந்தோஷமாக ஏறினார்கள்.

குசினி மட்டும் ஒரு சின்னத் திட்டில், நிலத்தோடு இருந்தது. இடுப்பளவு நாணல் சுவர், மேலே திறப்பு. கடைசி நாள் மத்தியானம் முர்ஷித் சட்டிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். டென்மார்க் மூதாட்டி சுடுதண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். அவர் உள்ளே வந்த சற்று நேரத்தில் வெளியே தண்ணீர் சளசளத்தது. குசினிக்குள் வெளிச்சம் குறைந்தது.

யானை நாணல் சுவருக்கு மேலால் நெற்றியை நீட்டி நின்றது. இரண்டு கொம்பும் உள்ளே வந்திருந்தன.

முர்ஷித்தின் ஒரு கை மூடியில், மற்றக் கை அகப்பையில். தொண்டையில் "ஹோ" வந்து நின்றது. "ய்" மட்டும்தான் பாக்கி.

அப்போது யானை தும்பிக்கையை நீட்டி, அருகிலிருந்த சட்டியின் மூடியை ஒதுக்கி மணம் பார்த்தது. பிடிக்கவில்லை. அடுத்த சட்டியின் மூடியை ஒதுக்கியது. அதையும் மணந்து பார்த்தது.

முர்ஷித்தின் உடம்பு அதற்குப் பிறகு அவரைக் கேட்கவில்லை. அகப்பை சத்தமில்லாமல் கீழே போனது. கால்கள் தாமாகவே சுவரோரம் ஒதுங்கின. கை தொங்கியது, கண் நிலத்தில் பதிந்தது. போகிற போக்கில் மூதாட்டியின் கையையும் மெதுவாகத் தொட்டு, தன் பக்கத்தில் அதே மாதிரி நிற்பாட்டிக்கொண்டார். மூதாட்டி நல்ல மாணவி. பார்த்ததை அப்படியே செய்தார்.

யானை தொங்கிய வாழைக்குலையைக் கண்டது. இரண்டு பழத்தோடு நிறுத்தவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆறுதலாகத் தின்று முடித்து, மூதாட்டியின் தலைமுடியை ஒருமுறை மணந்து பார்த்து, பெருமூச்சு ஒன்று விட்டு, வந்த வழியே தண்ணீரில் இறங்கிப் போனது. அது போய் முடியும்வரை முர்ஷித் முதுகைக் காட்டவில்லை.

மூதாட்டி அழுதுகொண்டிருந்தார். சுடுதண்ணீர் வாங்க மறந்துவிட்டு ஓடினார்.

சற்று நேரத்தில், குழுவோடு வந்திருந்த நாமுகோலோ மூதாட்டி சொன்னதைக் கேட்டு வந்தார்.

"இப்படி நிற்க வழிகாட்டிகளுக்கு நான் ஒரு வருடம் பழக்குகிறேன். உங்களுக்கு யார் பழக்கியது?"

"என் மனைவியின் தகப்பனார், மேடம்."

"அவர் யானைகளோடு வேலை செய்கிறவரா?"

முர்ஷித் கொஞ்சம் யோசித்தார். பிறகு, வீடு யாருடையது, காலையில் யார் வருகிறார், மூடி எப்படித் திறபடுகிறது என்பதையெல்லாம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விபரமாகச் சொன்னார். நாமுகோலோ அங்கிருந்த சாக்கு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க நேரம் எடுத்தது.

மறுநாள் சின்ன விமானம் ஓர் இருக்கை காலியாகப் பறந்தது. முர்ஷித் நிரந்தரமானார். சமையலோடு ஒரு மேலதிகக் கடமையும் கிடைத்தது: புதிதாக வருகிற விருந்தினருக்கு, யானை வந்தால் எப்படி நிற்பது என்று முதல் நாளே நின்று காட்டுவது. "இது உங்கள் மாமனார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்," என்று தொடங்குவாராம். ஜேர்மன்காரர்களுக்கு இது விளங்க நேரமெடுக்கிறது. இத்தாலிக்காரர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

செய்தியை அவர் மரத்தடியில் நின்று முஸ்பிறாவுக்குச் சொன்னார். சந்தோஷத்தில் முழுவதையும் சொன்னார்.

"இஞ்சாருங்க," என்றாள் முஸ்பிறா தணிந்த குரலில். "போன் ஸ்பீக்கர்ல கிடக்கு. வாப்பா இஞ்சதான் இரிக்காரு."

முர்ஷித் மரத்தோடு ஒதுங்கினார். கை தொங்கியது. கண் நிலத்துக்குப் போனது.

மீராமுகைதீன் தொண்டையைச் செருமினார்.

"மருமகன்."

"ஓம் மாமா."

"நான் எண்டு நினைச்சி நிண்ட ஆன... கொம்பனா, கொம்பில்லாததா?"

"கொம்பன் மாமா. ரெண்டு கொம்பும் இந்தா, என்ட நெஞ்சு மட்டத்துக்கு. பெரிய ஆன."

பிறகு யாரோ ஒரு வாழைப்பழத்தை உரிக்கும் சத்தம் கேட்டது.

"ம். அப்ப சரி."