நின்றிருந்த வண்டியின் சூடு

போன செவ்வாய்க்கிழமை காலை, மந்தைவெளியில் என் பிரசவ மருத்துவமனையில் மூன்றாவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சாந்தோமிலிருந்து வந்திருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டியபடியே, "டாக்டரம்மா, உங்க காருக்கு வேலை செய்வாரே, பேட்டரிக்கார சவரி அண்ணன், காத்தால தவறிட்டாரும்மா. டீ குட்ச்சிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றாள். கருவியில் பார்த்த எண் எனக்கு மறந்துபோயிற்று. மறுபடி காற்றடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

திரு. சவரிமுத்து அவர்களைப் பற்றி அவருடைய பங்குக் கோயில் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு நாக்கு நீளம், கோபம் அதைவிட நீளம் என்பது மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆகவே அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நல்லதாக இருக்காது.

அவரைத் தெரியாதவர்களுக்காக: சாந்தோமுக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையில் வண்டிகளுக்கு மின்சார வேலை செய்துவந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில், இரண்டு ஒயர் பற்றவைத்த ஒரு சின்ன பல்பு எப்போதும் இருக்கும். அறுபதுகளின் கடைசியில், இன்னொரு டாக்டரிடமிருந்து நான் வாங்கிய பழைய கறுப்புக் கார், லஸ் முனையில் ஹாரன் சிக்கிக்கொண்டு ஊரைக் கூட்டியபோதுதான் முதலில் சந்தித்தோம். ஓடிவந்து ஒரு ஒயரை உருவினார். சத்தம் நின்றது. "எப்பலேந்தும்மா இப்டி?" என்றார். எனக்கு நேரமில்லை, சரிசெய்தால் போதும் என்றேன். "உங்ககிட்ட வர்ற பொம்பளைங்க இப்டி சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க? வாங்கு வாங்குன்னு வாங்க மாட்டீங்க?" என்றார். சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து என் வண்டியை ரிப்பேருக்கு அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

என்னிடம் அப்போது டிரைவராக இருந்தவர் ஏழுமலை. ஸ்டியரிங்குக்கு முன்னால் பெருமாள் படம் ஒட்டி, அதன் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்பு பல்பு வைத்து, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தார். சாவியை எடுத்தாலும் அது எரியும். "ராத்திரியில் எதற்கப்பா?" என்று கேட்டேன். "சாமி வெளக்கும்மா, அணையக் கூடாது" என்றார். எந்த டிரைவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார் என்று விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. விடியற்காலை ஐந்தரைக்கு அடையாறிலிருந்து போன். இரண்டாம் மாதத்திலிருந்து நான் பார்த்துவந்த பெண். வீட்டில்தான் பிரசவம் என்று மாமியார் பிடிவாதம். வலி கண்டுவிட்டது, குழந்தை அசையவில்லை என்றார்கள். ஏழுமலை சாவியைத் திருப்பினார். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாண்டில் போட்டுச் சுற்றினார். எஞ்சின் அசைந்துகொடுக்கவில்லை. கொட்டும் மழையில் ஒரு டாக்ஸி கிடையாது. அவரும் பால்காரரும் இன்னும் இரண்டு பேரும் தெருக்கோடிவரை தள்ளித் தள்ளி, முழுதாக அரை மணி நேரம் போன பிறகு வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. நான் போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் கொடி சுற்றிக் குழந்தை பிறந்து கிடந்தது. பெண் குழந்தை. மூச்சில்லை. என் கையில் எடுத்தபோது உடம்பில் சூடு மட்டும் இருந்தது. பத்து நிமிஷம் முன்னால் போயிருந்தால் என்று கணக்குப் போடாத நாள் இன்றுவரை இல்லை.

அன்று மதியம் சவரிமுத்து அவர்கள் வந்தார். வழக்கம்போல "எப்பலேந்தும்மா?" என்று ஆரம்பித்தார். நான் கத்தினேன். "கேள்வி கேட்காதீங்க! ஒரு குழந்தை போயாச்சு. எதனாலன்னு எனக்கு இப்பவே தெரியணும்!"

அவர் பேட்டரியின் கேபிளைக் கழற்றி, இடையில் தன் சின்ன பல்பைச் சேர்த்தார். எல்லாம் அணைத்திருக்கும் வண்டியில் அது எரியக் கூடாது. எரிந்தால் எங்கேயோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். மங்கலாக எரிந்தது. பெருமாள் படத்தின் கீழிருந்த பல்பைப் பிடுங்கினார். கையிலிருந்த பல்பு அணைந்தது. "இதாம்மா" என்றார்.

நான் ஏழுமலையின் பக்கம் திரும்பினேன். என்ன சொன்னேன் என்பதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். "உன் சாமி விளக்குதான் அந்தக் குழந்தையைக் கொன்னுது. என் கண்ணுல படாதே" என்றேன். அவர் படத்தைப் பிய்த்தெடுத்து, துண்டில் சுற்றி, சாவியைப் படியில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். அதன் பிறகு இறந்த குழந்தை என் கனவில் வரவில்லை. துண்டில் சுற்றிய படத்தோடு ஏழுமலைதான் வந்துகொண்டிருந்தார், முகம் தெரியாமல், முதுகு மட்டும்.

மார்கழி பிறந்தது. ஏழுமலை போன பிறகு வண்டியை நானேதான் ஓட்டிவந்தேன். ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினேன். 'டொக்.' வண்டியில் சாமி விளக்கு இல்லை. எந்த விளக்கும் இல்லை. உடனே கொட்டகைக்கு ஆள் அனுப்பினேன்.

சவரிமுத்து அவர்கள் வந்து பானெட்டைத் திறக்காமலே வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "அம்மா, அது ரெண்டு வாட்டு பல்பு. ஒரு வாரம் ஓயாம எரிஞ்சாதான் பேட்டரிய சாய்க்கும். ஒரு ராத்திரில முடியாது. இது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். நீங்க கேட்டீங்க, கைக்கு ஆப்ட்டத எட்த்துக் குட்த்துட்டேன்." சொல்லிவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்த பல்பை எடுத்துப் பார்த்தார். "இதால பாக்க முடியாதும்மா. கேபிளக் கழட்டினா கோளாறு ஓடிப்பூடுது. வண்டி சும்மா நிக்கச்சொல்ல பாக்கணும்."

மறுநாள் முதல், சாந்தோமில் முதல் பூசை முடிந்ததும் நடந்தே என் வீட்டுக்கு வருவார். நான் வண்டி எடுக்கும் முன்பே, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல பானெட்டை மெல்லத் தூக்குவார். எதையும் கழற்ற மாட்டார், தட்ட மாட்டார். கையை மட்டும் ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். எட்டு நாள் இப்படிப் போனது. எனக்குப் பொறுமை போய், "என்ன சவரிமுத்து, வண்டிக்கு ஆசீர்வாதம் பண்றீங்களா?" என்று கேட்டேன். "இந்த வாட்டி அவசரப்பட மாட்டேம்மா" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை கூப்பிட்டார். குரலே வேறு மாதிரி இருந்தது. "கை வெச்சுப் பாருங்கம்மா." எஞ்சின் மேல் வைத்தேன். சில்லென்று இருந்தது. ரேடியேட்டர், சில்லென்று. "இங்க" என்று டைனமோவைக் காட்டினார். அதன்மேல் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இரவு முழுதும் பனியில் நின்றிருந்த வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக, அப்போதுதான் பிறந்த உடம்புபோல இருந்தது. எனக்கு அந்த அடையாறு வீடு ஞாபகம் வந்துவிட்டது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தருவது டைனமோ. எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடுவது 'கட்-அவுட்' என்ற சின்னப் பெட்டி. அதன் முனைகள் சில நாள் ஒட்டிக்கொண்டு, பேட்டரி தன் சக்தியையெல்லாம் திரும்ப டைனமோவிலேயே கொட்டியிருக்கிறது. கேபிளைக் கழற்றினாலோ வண்டியைத் தள்ளினாலோ முனைகள் தாமாகவே விட்டுவிடும். பிறகு யார் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது. சவரிமுத்து அவர்கள் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அந்தப் பெட்டியை லேசாகத் தட்டினார். 'டிக்' என்றது. அவ்வளவுதான், குற்றவாளி ஓடிவிட்டான். அன்றே அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினார்.

கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் துளியும் இல்லை. "ஏழுமல எங்கம்மா கீறான்?" என்றார். எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அலைந்து, நங்கநல்லூரில் அக்கா வீட்டில் இருந்தவரைக் கண்டுபிடித்தார். வந்து சொன்னார்: "செங்கல் தூக்கிக்கினு கீறான்மா. ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்றான். பெருமாள் படத்த செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிக்கிறான். சாமிக்கு வெச்ச வெளக்கால ஒரு புள்ள பூட்ச்சேன்றான். உன் வெளக்கு இல்லடான்னு சொன்னா, 'என் மனசு ஆறட்டும்னு சொல்ற நைனா'ன்றான்."

"இப்ப என்ன செய்யறது?"

"வண்டி வோணும்மா. சனிக்கெழம மத்தியானத்துலேந்து திங்கக்கெழம காலைல வரிக்கும். நீங்களும் வாங்க."

இரண்டு பிரசவம் இருக்கிறது என்றேன். ஒன்றுதான் இருந்தது. பயம், அகம்பாவம், இரண்டும் சேர்ந்து என் காலைக் கட்டின. அவர் வற்புறுத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை, ஏழுமலையின் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாமி பல்பைப் பழையபடி மாட்டி எரியவிட்டு, சாவியை ஏழுமலையின் கையிலேயே கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். யாரோ பேட்டரி மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று எழுந்து போகவே இல்லை. முப்பது வருஷத்தில் அவர் ஞாயிறு பூசைக்குப் போகாதது அந்த ஒரு வாரம்தான் என்று அவர் மனைவி நேற்று என்னிடம் சொன்னார். பெருமாள் விளக்குக்கு அப்படிக் காவல் இருந்தார் அந்த மனிதர்.

திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விட்டார். "என்ன ஆச்சு?" என்றேன்.

"அவன் கையாலயே ஸ்டார்ட் பண்ணான்மா. ஒரே தபா. புட்ச்சிக்கிச்சு. ஸ்டியரிங்குல தல வெச்சு அழுதான்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"கேட்டான்மா."

"என்ன சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதன் பிறகு ஏழு வருஷம் என் வண்டியை அவர்தான் பார்த்தார். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நங்கநல்லூர் எவ்வளவு தூரம்? பரங்கிமலை தாண்டினால் வந்துவிடும். நான் போகவில்லை.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் ஏழுமலையைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாராம், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும் கும்பிட்டார். "வண்டி நல்லா ஓடுதாம்மா?" என்றார். "ஏழுமலை, அன்னிக்கு நான் பேசினது…" என்று ஆரம்பித்தேன்.

"அய்ய, அத வுடுங்கம்மா. அண்ணன்தான் அப்பவே சொல்லிட்டாரே. அம்மா அழுதுட்டாங்க, உன்னாண்ட மன்னிப்பு கேக்கச் சொன்னாங்கன்னு."

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "நான் அழலை ஏழுமலை. கேக்கச் சொல்லவும் இல்லை. இப்பதான் கேக்கறேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் குழியைப் பார்த்தபடி நின்றார். "தெரியும்மா" என்றார். "அண்ணனுக்குப் பொய் எங்க வரும்? அத சொல்லச்சொல்ல என் மூஞ்சியப் பாக்கல, டயரையே பாத்துக்கினு இருந்தாரு. பாவம், ரெண்டு நாளா ஸ்டூல்ல குந்திக்கினு கீற மனுஷன். அவராண்ட போய் இன்னா கேக்கறது? நானும் நம்பினாப்பல இருந்துட்டேன்."

பிறகு ஒதுங்கி எனக்கு இடம் விட்டார். நான் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். பக்கத்தில் அவரும் போட்டார்.

சவரிமுத்து அவர்களே, என் பெயரில் நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை ஏழு வருஷம் கழித்து நானே சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.