உள்ளே பூசும் முலாம்

மாத்திரையை வாயில் போடுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுகிறார். மேல்பூச்சு பெயரவில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு விழுங்குகிறார். பிறகு அடுத்தது, அதற்கும் வெளிச்சம், அதற்கும் நகம். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. குரோமியம், மெக்னீசியம், துத்தநாகம், செலினியம், வனேடியம். இந்த வரிசை மாறக் கூடாது. ஒருநாள் துத்தநாகம் முந்திக்கொண்டது என்பதற்காக அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

முப்பத்தோரு வருடமாக உலோகத்துக்கு முலாம் பூசுகிறவர். தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி, மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முகம் பார்க்கும்படி பளபளப்பாகத் திரும்பி வரும். தெருவில் எல்லோருக்கும் அவர் முலாம்காரர். சொந்தப் பெயர் மின்சாரக் கட்டண ரசீதில்தான் இருக்கிறது. வயது ஐம்பத்தாறு. அமிலம் தெறித்துத் தெறித்து முன்கையில் மயிரே கிடையாது. யாரோடு பேசினாலும் அவர்கள் மூக்குக்கண்ணாடியின் சட்டத்தைத்தான் பார்ப்பார். "இது ஒரு வருஷம்கூட தாங்காதே" என்பது அவருடைய வணக்கம்.

நான் அந்த வீட்டுக்குப் போவது அவருக்காக அல்ல. அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் போய்க் காயத்தைப் பார்த்துக் கட்டுப் போட்டு, எழுப்பி உட்கார வைத்து, நடைச்சட்டத்தைப் பிடித்து நாலு அடி நடக்க வைப்பது என் வேலை. அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டரிடம் எல்லோரும் "எப்ப நடப்பாங்க?" என்று கேட்பார்கள். இவர் கேட்டது, "டாக்டர், அது என்ன கிரேடு ஸ்டீல்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே பாலிஷ் போட்டுக் குடுத்திருப்பேன்" என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

"போட்டிருந்தா மட்டும்? தொடையைத் தொறந்து ஊருக்கெல்லாம் காட்டுவீங்களா?" என்பார் அந்த அம்மா கட்டிலில் இருந்தபடி. அவருக்கு முறிந்தது எலும்பு மட்டும்தான். வாய் முழுசாக இருக்கிறது.

சர்க்கரை நோய் வந்து முலாம்காரருக்கு ஆறு வருடம் ஆகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டுவந்தார். போன வருடக் கடைசியில் ஒரு ஜிம் முதலாளி எடைக்கம்பிகளை முலாம் போடக் கொண்டுவந்தார். கம்பியோடு இலவசமாக ஒரு புட்டியும் வந்தது. மேலே 'ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் ஆரோக்கியமான எடைக் குறைப்புக்கும்' என்று எழுதியிருந்தது; கீழே கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். முலாம்காரர் கீழிருந்துதான் படிக்கத் தொடங்கினார். முதல் பெயர் குரோமியம். தூர தேசத்தில் சொந்தக்காரரைச் சந்தித்தவர் போல ஆகிவிட்டார். பட்டியலில் இருந்த ஐந்தையும் ஜிம்காரரிடமே தனித்தனிப் புட்டியாக வாங்கத் தொடங்கினார்.

"சிஸ்டர், இரும்புக்கு எதிரி யாரு? துரு. உடம்புக்கு எதிரி யாரு? சுகர். ரெண்டும் ஒரே வேலைதான் பண்ணுது, உள்ளயிருந்து அரிக்குது. இரும்பு மேல குரோமியம் போட்டா துரு கிட்ட வராது. அதையே உள்ள போட்டா சுகர் மட்டும் கிட்ட வந்துருமா? நீங்களே சொல்லுங்க."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஆனால் அந்த நேரம் அவர் மனைவியின் இடுப்புக்கு அடியில் படுக்கைத் தட்டைச் செருகிக்கொண்டிருந்தேன். ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்தது.

"முப்பது வருஷம் குழாய்க்கு முலாம் போட்டாரு. இப்ப குடலுக்குப் போடுறாரு" என்றார் அந்த அம்மா.

குரோமியத்தோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. மெக்னீசியம் குறைவாக இருப்பவருக்கு மெக்னீசியம் கொடுப்பதை எத்தனையோ வார்டுகளில் பார்த்திருக்கிறேன். என் சிக்கல், அவருடைய மாத்திரைத் தட்டில் இருந்த ஐந்து அல்ல, இல்லாத ஒன்று. டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. "அதெல்லாம் கம்பெனிக்காரன் பொழப்பு சிஸ்டர்" என்று விளக்கினார். ஜிம்காரரின் புட்டி மரத்தில் காய்த்தது போலிருக்கிறது.

ஆனால் புட்டி சொன்னபடியே எடை குறைந்தது. நாலு மாதத்தில் பதினோரு கிலோ. பட்டறையில் இருந்து துளைக்கருவி கொண்டுவந்து பெல்ட்டில் தாமே நாலு ஓட்டை போட்டார். பழைய கால்சட்டையை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இடுப்பில் வைத்துக் காட்டுவார். முன்னால் இன்னொருவர் நிற்கலாம் போல இடம் இருக்கும். எரிவாயு உருளை கொண்டுவந்தவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்து, ஜிம்காரரின் தொலைபேசி எண்ணை வாங்கிப் போனார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரு புட்டி வாங்கிவிட்டார். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. வருமுன் காப்பதாம்.

எனக்குத் தெரிந்தது வேறு. முலாம்காரரின் நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. தோள் சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி நின்றது. நான் இருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் குடித்துவிடுவார். மூன்று முறை கழிவறைக்குப் போய்வருவார்.

"அது நல்லதுதான் சிஸ்டர். தொட்டியில அழுக்கைக் கழுவிவிடுற மாதிரி. ஊத்தி ஊத்தி விட்டாத்தான் சுத்தமாகும்."

"ராத்திரி நாலு தடவை கழுவுறாரு. எனக்குத்தான் தூக்கம் போச்சு" என்றார் அந்த அம்மா.

டாக்டரைப் பாருங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். ஒரு சொட்டு ரத்தம் பார்க்கலாமா என்று மூன்று முறை கேட்டேன். "என்னைப் பாத்தாலே தெரியலையா?" என்று பெல்ட்டைத் தட்டினார். பார்த்தாலே தெரிந்ததால்தானே கேட்டேன்.

போன மாதம் நடைச்சட்டத்தின் ஒரு கால் ஆடத் தொடங்கியது. திருகாணி மாற்ற அதைத் தூக்கிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். நீளமான ஒரு கொட்டகை. சுவரோரம் எட்டுத் தொட்டிகள். மூக்கைச் சுளிக்க வைக்கும் காற்று. அங்கே நான் பார்த்த முலாம்காரர் வேறொரு ஆள். பழைய பைக் வியாபாரி ஒருவர் துரு ஏறிய கைப்பிடிக் கம்பியோடு நின்றிருந்தார்.

"மேலாக்க அடிச்சுக் குடுங்கண்ணே. பளபளன்னு இருந்தாப் போதும். விக்கத்தான் போறேன்."

"துருவைச் சுரண்டாம மேல பூச மாட்டேன்."

"அடியில இருக்கிறதை யாருண்ணே பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே! ஆறு மாசத்துல கொப்புளம் கொப்புளமா கெளம்பும். வாங்கினவன் என்னைத்தான் திட்டுவான். எடுத்துட்டுப் போப்பா. பளபளப்பு மாதிரிப் பொய் சொல்றது எதுவுமில்ல."

வியாபாரி போனபின் என் திருகாணியை மாற்றிக் கொடுத்தார். பிறகு அமிலத்தை அளக்கும் ஒரு மீட்டரை எடுத்துத் தொட்டியில் விடப்போனவர், அதை முதலில் ஒரு சின்னக் குப்பிக்குள் முக்கினார். அது என்ன என்று கேட்டேன்.

"இது அளவு தெரிஞ்ச கரைசல் சிஸ்டர். மீட்டர் இதுல சரியாக் காட்டினாத்தான் தொட்டியில காட்டுறதை நம்புவேன். கண்ணையும் நம்பக் கூடாது, மீட்டரையும் நம்பக் கூடாது. ரெண்டையும் சோதிக்கணும். தெனம் காலையில மொதல் வேலையே இதான்."

நடைச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அடுத்த நாள் என் பையில், ரத்தம் பார்க்கும் கருவியோடு இன்னொரு பொருளும் இருந்தது.

மனைவிக்குக் கட்டு மாற்றி முடித்ததும் அவரைக் கூப்பிட்டேன். "கையை நீட்டுங்க."

"எதுக்கு சிஸ்டர்? நல்லாத்தானே இருக்கேன்."

"பளபளன்னு இருக்கீங்க. அதான் சந்தேகமா இருக்கு."

கட்டிலில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. மனைவி சிரித்தபின் பின்வாங்க அவரால் முடியாது. விரலை நீட்டினார். ஐந்து விநாடியில் எண் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

அவர் அதிரவில்லை. தொழிற்காரரின் நிதானத்தோடு கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதைக் கடைசியா எப்ப சரி பாத்தீங்க?"

அதற்காகத்தான் காத்திருந்தேன். பையில் இருந்து சின்னக் குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "அளவு தெரிஞ்ச கரைசல். எந்த அளவுக்குள்ள காட்டணும்னு, சொட்டு வைக்கிற பட்டை டப்பாவுல எழுதியிருக்கு. நீங்களே போட்டுப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காலாவதித் தேதியைப் படித்தார். டப்பாவில் இருந்த அளவைப் படித்தார்: நூற்றிரண்டிலிருந்து நூற்று முப்பத்தெட்டு வரை. குப்பியைக் குலுக்கி, முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட்டு இரண்டாவது சொட்டைப் பட்டையில் வைத்தார். எனக்குப் பயிற்சி கொடுத்த மேட்ரன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். நூற்றுப் பத்தொன்பது காட்டியது.

எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். இந்த முறை மற்றக் கை. நானூற்று ஒன்பது.

"மூணு குறைஞ்சிருக்கு" என்றார்.

"சோப்புக்குக் குறைஞ்சிருக்கும். குரோமியம் கணக்குல சேக்காதீங்க" என்றேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "பதினோரு கிலோவும் மாத்திரை கரைச்சது இல்ல. சாப்பிடுறது எதுவும் உடம்புல சேரல. அதனால உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னுக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா ஒருநாள் மயங்கி விழுவீங்க. அது தொட்டிப் பக்கமாவும் இருக்கலாம். இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும்."

"சாயந்திரம் ஒரு ஆர்டர் முடிச்சுக் குடுக்கணும் சிஸ்டர். நாளைக்கு..."

"ஏங்க" என்றார் அந்த அம்மா. குரலில் கிண்டல் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் எழுந்து நடக்கிற அன்னிக்கு நீங்க படுத்துக்கலாம்னு இருக்கீங்களா?"

முலாம்காரர் கருவியைத் துடைத்து, உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி என்னிடம் கொடுத்தார். "மிஷின் நல்ல மிஷின்" என்றார். அந்த வாயிலிருந்து எந்தக் கருவிக்கும் அதற்கு மேல் பாராட்டு வராது.

அடுக்களையில் போய்க் கை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்தார். மனைவி படுத்திருந்த அறையின் கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டுக்குள்ளும் போட்டிருந்த இடது ஷூவைக் கழற்றினார். காலுறை பெருவிரல் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் இழுக்கப் பார்த்தபோது கையைப் பிடித்துத் தடுத்து, எதிரே தரையில் உட்கார்ந்து, தண்ணீரில் நனைத்து மெல்ல உரித்தேன். நாணயம் அளவுக்குப் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"மூணு வாரமிருக்கும். ஷூ கடிச்சிச்சோ என்னமோ. வலியே இல்ல சிஸ்டர், அதான் விட்டுட்டேன்."

வலித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"என்ன, ரெண்டு பேரும் சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தண்ணி குடிக்கிறேன்மா" என்றார் முலாம்காரர். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.