மேனேஜர் கொடுத்த கடிகாரம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டியிருக்கிறது. நடுவில், நான் முன்பு வேலை பார்த்த பெரிய கம்பெனியின் முத்திரை. என் கல்யாணத்துக்கு மேனேஜர் கொண்டுவந்து கொடுத்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் கைபேசியைத்தான் எடுப்பேன். அந்தச் சுவர்ப் பக்கம் என் கண் போகாது.

தியாகராய நகர் ஜவுளிக்கடையில் காலமெல்லாம் நின்றபடியே புடவை விரித்துக் காட்டிய அப்பாவுக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி அவ்வளவு பெருமை. காலையில் கம்பெனி கார் தெருமுனைக்கு வந்தால் எனக்கு முன்னால் அவர் வாசலுக்கு வந்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே கம்பெனி பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னதும் அவர்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளமும் போனஸும் குறையில்லாமல் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கம்பெனி பெயர் என் இனிஷியல் போலவே ஆகியிருந்தது.

பத்திரிகையை மேனேஜருக்குக் கொடுத்த அடுத்த வாரம் அவரே என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். "மேலிடத்து முடிவுப்பா, என் கையில ஒண்ணும் இல்ல" என்று மேஜையைப் பார்த்தபடி சொன்னார். மதியத்துக்குள் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு நிச்சயித்திருந்த பெண்ணிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "கல்யாணம் உங்களோடதானே, கம்பெனியோட இல்லையே" என்றாள். அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. கல்யாணம் வரைக்கும் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரவேற்புக்கு மேனேஜர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவந்து, சம்பந்தி முன்னால் நிறுத்தி, "இவர்தான் நம்ம பையனோட மேனேஜர்" என்றார். மேனேஜரின் முகம் வெளிறிவிட்டது. ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "உங்க பையன் இல்லன்னா எங்க டீமே ஓடாது சார்" என்றார். கடிகாரப் பெட்டியை என் கையில் வைத்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், இருவரும் சிரித்தோம். கோட்டும் சூட்டுமாக அங்கே நின்றபோது உடம்பெல்லாம் கூசியது.

பிறகு வேறொரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி மாறிவிட்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். கடிகாரத்தைக் கழற்றவில்லை.

போன மாதம் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். அவரையும் அதே மாதிரி ஓர் அறைக்குக் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். என் கம்பெனியில் சிபாரிசு செய்ய முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மகளுக்குக் கல்லூரி, வீட்டுக் கடன். கேட்டதும் எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சீ என்றிருந்தது.

அப்பா காபி கொண்டுவந்து கொடுத்தார். "சார், அன்னிக்கு மேடையில எம் புள்ள மானத்தக் காப்பாத்துனீங்க. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

மேனேஜர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தார். "உங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

"வூட்லேர்ந்தே வேலைன்னான். ரூம பெருக்கசொல்ல அவன் ஆபீஸ் பைய நகத்தி வச்சேன், வெயிட்டே இல்ல. லேப்டாப் இல்லாம இன்னா வேலை? அவனே சொல்லட்டும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அப்பா லேசாகச் சிரித்தார். "இன்னும் சொல்லல."

பிறகு என்னிடம், "சாருக்கு ஆபீஸ்ல சொல்லி உடுப்பா" என்றார்.

எல்லாம் தெரிந்தேதான் அன்று ஓடிப்போய் மேனேஜர் கையைப் பிடித்திருக்கிறார். சரி என்று சொல்ல நிமிர்ந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் தலைக்கு மேலே, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி, "சொல்றேன்ப்பா" என்றேன். அது சரியான நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அப்பா அதற்கு பேட்டரி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.