ஏரிக்கரையில் குறுக்கே நின்றவர்

விடிந்தும் விடியாத வேளையில் ஜெசிந்தா மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்ளோதான்." சித்திரைப் புழுக்கத்தில் போனைப் பிடித்த கை வியர்த்திருந்தது. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவர் விலங்கியல், பக்கத்து அறையில் நான் வேதியியல்.

மேடம் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வகுப்பில் சுத்தத் தமிழ் பேசுவார், ஸ்டாஃப் ரூமில் அசல் ராயபுரம். யாராவது சிரித்தால், "எங்க பாஷைக்கு இன்னா கொறச்சல்?" என்று வாயை அடைத்துவிடுவார். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னை இழுத்துப்போய் நுண்ணோக்கியில் ஏரித் தண்ணீர் ஒரு சொட்டைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் அதில் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. "இதுங்க கீற வரைக்கும்தான் சார் மீன் குஞ்சுக்குச் சோறு" என்றார்.

தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஏரிக்குத் தண்ணீரைச் சோதிக்க அவர் சூரியன் வருமுன் போவார். போனதும் முழங்கைவரை தண்ணீரில் கையை விட்டுப் பார்ப்பார். வெப்பமானி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் வருடத்துக்கு வருடம் அந்தக் கையை வெளியே எடுக்கும்போது அவர் முகம் வாடியதை நானும் பார்த்தேன். விடியற்காலையிலும் தண்ணீர் ஆறவில்லை. சூட்டை விரும்பும் நீலப்பச்சைப் பாசி பெருகியது, நல்ல மிதவை உயிர்கள் குறைந்துகொண்டே போயின. சூடான நீரில் ஏற்கெனவே பிராணவாயு குறைவு. இருப்பதையும் இந்தப் பாசி இரவெல்லாம் தீர்த்துவிடும் என்றார்.

போன கோடையில் ஒரு காலை, மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கரையில் ஒரே கொண்டாட்டம். வலைகூட வேண்டாமென்று பக்கெட்டும் குடமுமாக ஜனங்கள் இறங்கினார்கள். மேடம் குறுக்கே போய் நின்றார். அவை மூச்சுக்குத் திணறுகின்றன, பாசியில் விஷம் இருக்கலாம், சாப்பிடாதீர்கள் என்று கெஞ்சினார். அங்கே மீன் பிடிக்கும் ஏழுமலை, "இன்னா டீச்சர், தானா வர்ற மீன வுடச் சொல்றியே" என்று சிரித்தார். மறுநாள் மிச்ச மீன்களெல்லாம் செத்துக் கரை ஒதுங்கின. சாப்பிட்ட வீடுகளில் வாந்தி, ஏழுமலை வீட்டிலும்தான். மேடம் யாரையும் குத்திக்காட்டவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "எனக்கு பயமா கீது சார். இவங்களுக்கு அது வரலயேன்றதுதான் இன்னும் பயம்."

மேடம் இறந்த அன்று காலை, ராயபுரம் வீட்டில் மாலையோடு நின்றிருந்தேன். ஏழுமலை வேர்க்க விறுவிறுக்க வந்தார். கும்பிட்டுவிட்டு என் பக்கம் ஒதுங்கினார்.

"மீனு மறுபடி மேல வந்து வாயத் தொறந்துகினு கீது சார். ஜனம் பக்கெட்டோட நிக்குது. இன்னா சொல்லட்டும்?"

பழக்கதோஷத்தில் மேடம் பக்கம் திரும்பினேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள், விரல்களில் ஜெபமாலையோடு படுத்திருந்தார்.

"தொட வேணாம்னு சொல்லுங்க. நானும் வரேன்" என்றேன்.

ஏரிக்கரையில் நானும் ஏழுமலையும் குறுக்கே நின்றோம். திட்டிக்கொண்டே பாதிப் பேர் திரும்பிப் போனார்கள், மீதிப் பேர் போகவில்லை. கிளம்புமுன் முழங்கைவரை தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

மாலையில் உங்கள் மேல் மண் போட்டது அந்தக் கைதான், மேடம். போய் வாருங்கள். உங்கள் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது.